நாவலின் முதல் பக்கத்தில் ‘உண்மை’ என்று போடலாமா?

நீங்கள் கேட்டிருப்பது மூன்று கேள்விகள். டான் பிரவுனின் ‘தி டா வின்சி கோட்’ நாவலில் எவ்வளவு நிஜம், எவ்வளவு புளுகு என்பது ஒன்று. ஏற்காட்டை வைத்து நீங்கள் எழுதிக்கொண்டிருக்கும் மர்ம நாவலில் வரலாற்றோடு கற்பனையை எந்த அளவுக்குக் கலக்கலாம் என்பது இன்னொன்று. டான் பிரவுனின் நாவலில் இருப்பதைப் போலவே முதல் பக்கத்தில் ‘உண்மை’ என்று தலைப்பிட்டு நாலு வரி போடலாமா என்பது மூன்றாவது. உங்கள் கதைச் சுருக்கத்தைப் படித்தேன். கலப்பதில் உங்களுக்குத் தயக்கம் ஏதும் இருப்பதாகத் தெரியவில்லை, தாராளமாகவே கலந்திருக்கிறீர்கள். கலந்த பாலைக் கறந்த பால் என்று சொல்லி விற்கலாமா என்பதுதான் உங்களை உறுத்துகிறது என்று நினைக்கிறேன். அதற்கே பதில் சொல்கிறேன். மற்ற இரண்டும் வழியில் வந்துவிடும்.

என்னைப் பற்றி இரண்டு வரி. சேலத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கல்லூரி மாணவர்களுக்கு வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவன். இப்போது நண்பர்கள் எழுதும் சரித்திர நாவல்களின் கையெழுத்துப் பிரதியில் தேதிப் பிழை பார்த்துக் கொடுப்பது பொழுதுபோக்கு. வக்கீல் அல்லன், வழக்கைப் பற்றி நான் சொல்வதை அந்த அளவுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். இளமையில் நானும் இந்தக் குற்றத்தைச் செய்தவன். அதைக் கடைசியில் ஒப்புக்கொள்கிறேன்.

இயேசு மகதலேனா மரியாளை மணந்தார், அவர்கள் வம்சத்தின் ரகசியத்தை ஒரு சங்கம் காத்துவருகிறது என்பதுதான் 2003-இல் வந்த டான் பிரவுன் நாவலின் மையக் கதை. அதன் ‘உண்மை’ப் பக்கம் என்ன சொல்கிறது? ‘சியோன் மடம்’ என்ற ரகசியச் சங்கம் 1099-இல் நிறுவப்பட்டது, அது நிஜமான அமைப்பு என்கிறது. அந்தச் சங்கத்தின் தோல் ஆவணங்களைப் பாரிஸ் தேசிய நூலகம் 1975-இல் கண்டெடுத்தது என்கிறது. நாவலில் வரும் ஓவியம், கட்டடம், ஆவணம், ரகசியச் சடங்கு பற்றிய வருணனைகள் எல்லாம் துல்லியமானவை என்றும் சொல்கிறது. இதில் முதலாவதை எடுத்துக்கொள்வோம். நாவல் சொல்லும் அந்தச் சங்கம் 1956-இல் பிரான்சின் ஆனமாஸ் பகுதியில் பியர் பிளான்டார் என்பவரும் அவருடைய நண்பர்களும் முறைப்படி பதிவு செய்த ஒன்று. சியோன் என்பது அந்தப் பக்கத்தில் உள்ள ஒரு மலையின் பெயர். ஜருகுமலை அடிவாரத்தில் நாலு பேர் கூடி ‘ஜருகுமலை நண்பர்கள் சங்கம்’ என்று பதிவு செய்துவிட்டு, ராஜராஜன் காலத்திலிருந்து இது நடக்கிறது என்று சொல்வதைப் போன்றதுதான். ஜெருசலேமில் சியோன் பெயரில் ஒரு பழைய மடம் இருந்தது என்பது வேறு விஷயம். அந்தப் பெயர் ஒற்றுமைதான் பிற்காலத்துக் கதைக்குப் பிடிமானமாக அமைந்தது.

ஆவணங்களின் கதை இன்னும் சுவையானது. வம்சாவளிகளையும், லியோனார்டோ, நியூட்டன், விக்டர் ஹியூகோ என்று தலைவர்களின் பட்டியலையும் தட்டச்சு செய்து, 1960-களில் பிளான்டார் தரப்பினரே அந்த நூலகத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். தோலும் இல்லை, கண்டெடுப்பும் இல்லை; காகிதக் கட்டு. நூலகம் தன் கடமைப்படி எண் போட்டு அடுக்கியது. பிறகு வந்தவர்கள் அந்த எண்ணை மேற்கோள் காட்டினார்கள். தேசிய நூலகத்திலேயே இருக்கிறதே என்று படித்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். அலமாரியில் இருப்பதாலேயே ஒரு தாள் ஆதாரமாகிவிடாது என்பதை முதலாண்டு மாணவர்களுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறேன். சொல்லும்போதெல்லாம் எனக்கே கொஞ்சம் குற்றவுணர்வு உண்டு. காரணம் பின்னால் வரும்.

மற்ற பிழைகளை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்து முற்றத்தில் உள்ள கண்ணாடிப் பிரமிடில் 666 சில்லுகள் என்கிறது நாவல். அருங்காட்சியகத்தின் கணக்கு 673. பாரிஸ் சான் சுல்பீஸ் தேவாலயத்துத் தரையில் ஓடும் பித்தளைக் கோடு, நாவல் சொல்வதுபோல் புறச்சமயக் கோயிலின் மிச்சம் அல்ல, ஈஸ்டர் நாளைக் கணிக்க உதவியாகப் பதினெட்டாம் நூற்றாண்டில் அமைத்த சூரியக் கருவியின் பகுதி. அங்கே புறச்சமயக் கோயில் எதுவும் இருந்ததில்லை என்று தேவாலயத்தார் அறிவிப்புப் பலகையே வைக்க வேண்டியதாயிற்று. கிறிஸ்துவின் தெய்வத்தன்மை 325-இல் ஆயர்கள் கூடிய நைசியா சபையில் நெருக்கமான ஓட்டெடுப்பில் முடிவானது என்பது தவறு. கையெழுத்திட மறுத்த ஆயர்கள் இரண்டே பேர். எந்த நற்செய்தி நூல்களை ஏற்பது என்பது அந்தச் சபையின் விவாதப் பொருளே அல்ல. ‘கடைசி இராவுணவு’ ஓவியத்தில் இயேசுவின் பக்கத்தில் மீசை தாடி இல்லாமல் இருக்கும் உருவம் நாவல் சொல்வதுபோல் மகதலேனா மரியாள் அல்ல, சீடர் யோவான். அவரை இளைஞராக வரைவது அக்கால வழக்கம்.

ஆனால் நாவலை முழுப் பொய் என்று தள்ளிவிடவும் கூடாது. மகதலேனா மரியாள் விலைமகள் என்பதற்கு நற்செய்திகளில் சான்று இல்லை என்று நாவல் சொல்வது சரி. ஆறாம் நூற்றாண்டின் இறுதியில் போப் கிரகோரியின் ஒரு பிரசங்கத்தில் வெவ்வேறு பெண்கள் ஒருவராகக் கலந்துபோனார்கள். மகதலேனா மரியாள் இயேசுவை மணந்தார் என்று எந்தப் பழைய நூலும் சொல்லவில்லை. பிலிப்புவின் பெயரில் உள்ள ஒரு நூல் அவரைத் ‘துணை’ என்ற பொருள்படும் சொல்லால் குறிக்கிறது. அந்த ஏட்டின் முக்கியமான இடம் சிதைந்து கிடக்கிறது. இப்படிப்பட்ட சிதைவுகளில்தான் நாவலாசிரியன் கூடு கட்ட வேண்டும். சிதையாத சுவரை இடித்துக்கொண்டு உள்ளே நுழையக் கூடாது.

லண்டன் வழக்கை நீங்கள் ஒரு வரியில் தொட்டுவிட்டுப் போயிருக்கிறீர்கள். அதில் நமக்குப் பாடம் இருக்கிறது. பிளான்டாரின் சரக்கை நம்பி மூன்று பேர் 1982-இல் ஒரு நூல் எழுதியிருந்தார்கள், ஆராய்ச்சி நூலென்று சொல்லி. அவர்களில் இருவர், தங்கள் உழைப்பை நாவல் திருடிவிட்டதாக வழக்குப் போட்டார்கள். 2006 ஏப்ரலில் தள்ளுபடியானது. எனக்குப் புரிந்த வரை சிக்கல் இதுதான்: நான் சொன்னது வரலாறு என்றால் அது யாருக்கும் சொந்தமில்லை, எனக்குச் சொந்தம் என்றால் அது நான் புனைந்தது என்று ஒப்புக்கொள்ள வேண்டும். இரண்டு படகிலும் கால் வைக்க முடியவில்லை. அதே ஆண்டு நாவல் படமாக வந்தபோது நம் தமிழ்நாட்டு அரசு திரையிடலுக்குத் தடை போட்டது, சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது. தடை எனக்கு அப்போதும் பிடிக்கவில்லை, இப்போதும் பிடிக்கவில்லை. ஆனால் ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். இந்தியத் தணிக்கைக் குழு அந்தப் படத்தில், இது கற்பனைக் கதை என்று அறிவிப்புப் போடச் சொன்னது. புத்தகத்தைப் பிரித்தால் ‘உண்மை’. படத்தைப் பார்க்கப் போனால் ‘கற்பனை’. கதை ஒன்றுதான். கோபத்தைக் கிளப்பியதில் கதைக்குப் பாதிப் பங்கு என்றால், அந்த முதல் பக்கத்துக்கு மீதிப் பங்கு.

இதற்கு எதிர்முனையில் நம் வீட்டு உதாரணம் ஒன்று இருக்கிறது. கல்கி 1950 முதல் 1954 வரை தொடராக எழுதிய ‘பொன்னியின் செல்வன்’ கொலைமர்மக் கதைதான், நாம் அதை அப்படிச் சொல்வதில்லை என்பதைத் தவிர. காட்டுமன்னார்கோவில் அனந்தீசுவரர் கோயிலில் உள்ள உடையார்குடிக் கல்வெட்டு, சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகளின் பெயர்களைச் சொல்கிறது: சோமன், ரவிதாசன், பரமேசுவரன். அவர்களுடைய, அவர்களைச் சேர்ந்தவர்களுடைய நிலங்களைப் பற்றியது அந்த ஆணை. கொலை உறுதி, கொலையாளிகள் உறுதி. தூண்டியது யார், எதற்காக என்பது கல்லில் இல்லை. வரலாற்றாசிரியர்களில் நீலகண்ட சாஸ்திரி உத்தம சோழன் மேல் சந்தேகப்பட்டார். சதாசிவ பண்டாரத்தார் அதை மறுத்தார். கல்வெட்டு மௌனமாக இருக்கும் அந்த இடத்தில்தான் கல்கி நந்தினி என்ற கற்பனைப் பாத்திரத்தைக் கொண்டுவந்து நிறுத்துகிறார். ரவிதாசனை நல்லவனாக்கவில்லை, கொலையை மூடி மறைக்கவில்லை. எழுபது ஆண்டுகளாக வாசகர்கள் நந்தினியை நிஜம் என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள் என்றால், அதற்குக் கல்கி எங்கும் சத்தியம் செய்து கொடுக்கவில்லை.

இப்போது உங்கள் கதைக்கு வருவோம். 1799 மே மாதம் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்கிறது. திப்புவின் வீரன் ஒருவன் ஒரு பெட்டியோடு தப்பிச் சங்ககிரிக் கோட்டைக்கு வருகிறான். அங்கிருந்து சுரங்கத்தின் வழியே ஏற்காட்டுக் குகைக்குப் போய், காப்பித் தோட்டத்தில் பெட்டியைப் புதைக்கிறான். நூறு ஆண்டு கழித்து ராபர்ட் புரூஸ் புட் அதைக் கண்டெடுத்துத் திருடுகிறார். ரகசியம் அவருடைய கல்லறையில் குறியாகச் செதுக்கப்பட்டிருக்கிறது. மலைவாழ் மக்களில் ஒரு கூட்டம் நரபலி கொடுத்து அதைக் காவல் காக்கிறது. படிக்க விறுவிறுப்பாகத்தான் இருக்கிறது, மறுக்கவில்லை.

தேதியிலிருந்து தொடங்குகிறேன். திப்புவோடு செய்த 1792 உடன்படிக்கையிலேயே சேலமும், கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கத்துப் பாரமகாலும் கிழக்கிந்தியக் கம்பெனி கைக்குப் போய்விட்டன. அலெக்சாண்டர் ரீடு கலெக்டர். அவருக்கு உதவியாளராகத் தாமஸ் மன்றோ ஊர் ஊராக நிலத்தை அளந்து வரி கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார். உங்கள் வீரன் 1799-இல் சங்ககிரிக்கு வந்தால் நேராக எதிரியின் மடியில் வந்து விழுகிறான். நீங்கள் இதைக் கவனிக்கவில்லை. ஆனால் கவனித்திருந்தால் கதை இன்னும் நன்றாக வந்திருக்கும். ஏழு ஆண்டாகக் கம்பெனிக் கொடி பறக்கும் நாட்டுக்குள் திப்புவின் பெட்டியை ஒருவன் ஏன் கொண்டுவர வேண்டும்? யாரை நம்பி வந்தான்? மன்றோவின் கணக்குப்பிள்ளைகளில் ஒருவன் அவனுக்கு மாமனா? தம்பி, அந்த ஒரு கேள்வியிலேயே பத்து அத்தியாயம் இருக்கிறது. காப்பித் தோட்டமும் அப்போது கிடையாது. ஏற்காட்டுக்குக் காப்பியைக் கொண்டுவந்தவர் கலெக்டர் காக்பர்ன், அது 1820-களின் கதை. உங்கள் வீரன் சாய்ந்து மூச்சு வாங்கும் சில்வர் ஓக் மரமும் ஆஸ்திரேலியாவிலிருந்து வர வேண்டியது. ஒரு சோலைக்காட்டு மரத்தில் சாய விடுங்கள்.

ஒரு இடத்தில் நீங்கள் வீணாகப் பயந்திருக்கிறீர்கள். தீரன் சின்னமலை சங்ககிரியில் தூக்கிலிடப்பட்ட நாளை 1805 ஜூலை 31 என்றும் சொல்கிறார்கள், ஆடிப்பெருக்கு என்றும் சொல்கிறார்கள். ஆடி 18 ஆகஸ்டு 2 அல்லது 3-இல்தானே வருகிறது, இதில் எது பொய் என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் ஒத்துப்போகின்றன. நம் சூரிய ஆண்டு ஆங்கில ஆண்டைவிட மயிரிழை நீளம். இருநூறு ஆண்டுக்கு மேல் ஆனால் மூன்று நாள் போல நகர்ந்துவிடும். 1805-இல் ஆடி 18 ஜூலை இறுதியில்தான் வந்திருக்கும். முரண்பாடு கண்ணில் பட்டதும் ‘மறைக்கப்பட்ட ரகசியம்’ என்று துள்ளும் பழக்கம் இந்த வகை நாவல்களைப் படிப்பதால் வருவது. பாதி ரகசியங்கள் பஞ்சாங்கத்தோடு முடிந்துவிடும்.

அடுத்தது புரூஸ் புட். 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் பழைய கற்காலக் கைக்கோடரியைக் கண்டெடுத்தவர், இந்தியத் தொல்பழங்கால ஆய்வு தொடங்குவதே அவரிடமிருந்து. ஓய்வுக் காலத்தில் ஏற்காட்டில் வாழ்ந்தார். 1912-இல் கல்கத்தாவில் இறந்தார். சாம்பல் ஏற்காடு ஹோலி டிரினிடி தேவாலயத்துக்கு வந்து சேர்ந்தது. வாழ்நாள் சேகரிப்பை 1904-இல் சென்னை அருங்காட்சியகம் வாங்கிக்கொண்டது. ஒவ்வொரு கல்லுக்கும் எண் போட்டு அவர் எழுதிய பட்டியல் அவர் இறந்த பிறகு அச்சில் வந்தது. கூழாங்கல்லுக்குக்கூடக் கணக்கு எழுதிவைத்த மனிதரைப் புதையல் திருடன் ஆக்குகிறீர்கள். செத்தவர் வழக்குப் போட மாட்டார் என்பது தைரியமாக இருக்கலாம். என் யோசனை வேறு. அவருக்குப் பக்கத்தில் ஒரு கற்பனை உதவியாளரை நிறுத்துங்கள். பெட்டி சுமந்தவர், பட்டியலுக்குப் படி எடுத்தவர், யாராவது. திருட்டை அவர் செய்யட்டும். பட்டியலில் ஒரு எண் மட்டும் விட்டுப்போனது என்று வையுங்கள். இப்படித்தான் உண்மையின் ஓரத்தில் நகக்கண் அளவு இடத்தைக் கீற வேண்டும். கல்கத்தாவிலிருந்து ஏற்காட்டுக்குச் சாம்பல் வந்த பயணமும் உங்களுக்காகவே காத்திருக்கிறது.

நரபலி விஷயத்தில் எனக்குக் கோபம் வந்தது, மறைக்கவில்லை. சேர்வராயன் மலையில் வாழும் மலையாளி மக்கள் கேரளத்தாரும் அல்லர், பழங்கதைப் பாத்திரங்களும் அல்லர். தமிழ் பேசுகிறவர்கள், ஏற்காடு பஸ்ஸில் உங்கள் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வருகிறவர்கள். காஞ்சிபுரத்திலிருந்து அண்ணன் தம்பி மூவர் கிளம்பி, பெரியண்ணன் இங்கும், நடுவண்ணன் கொல்லிமலைக்கும், சின்னண்ணன் பச்சைமலைக்கும் போனதாக அவர்களிடம் ஒரு வழக்கு உண்டு. அதை வரலாறு என்று என்னால் நிறுவ முடியாது. கற்பனை என்று ஒதுக்கவும் எனக்கு உரிமையில்லை. அது மூன்றாவது வகை: ஒரு சமூகம் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்வது. அதை அவர்கள் சொன்னதாகவே எழுதுங்கள். அவர்கள் செய்யாத ஒரு கொடுமையை அவர்கள் பெயரிலேயே எழுதி, ‘சடங்குகள் அனைத்தும் துல்லியமானவை’ என்றும் போட்டால், நாளைக்கு ஒரு பள்ளிப் பிள்ளையை வகுப்பில் யாராவது அதைச் சொல்லிக் கேலி செய்வார்கள். டான் பிரவுனும் இதைச் செய்தார். துறவிகளே இல்லாத ஓபஸ் டேய் என்ற கத்தோலிக்க அமைப்புக்குக் கொலைகாரத் துறவி ஒருவரைக் கொடுத்தார். அந்த அமைப்புக்குப் பதில் சொல்ல ஆளும் அலுவலகமும் இருந்தன. மலைக் கிராமத்துக்கு அது கிடையாது. ரகசியக் கூட்டம் வேண்டுமென்றால் கற்பனையான எஸ்டேட் முதலாளிகளின் சங்கமாக ஒன்றைப் படைத்துக்கொள்ளுங்கள், அவர்கள் தாங்கிக்கொள்வார்கள்.

கடைசியாகச் சுரங்கம். உங்கள் கதையில் உறுதியான வரலாற்றுச் செய்தி அது ஒன்றுதான் என்றும், சங்ககிரியிலிருந்து ஏற்காட்டுக் குகை வரை சுரங்கம் இருந்ததற்குப் பழைய கட்டுரை ஒன்றில் ஆதாரம் இருக்கிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். அது கட்டுரை அல்ல, சிறுகதை. எழுதியவன் நான். அப்போது எனக்கு இருபத்தாறு வயது, கல்லூரி ஆண்டு மலருக்காக ஒரே இரவில் எழுதினேன். கோட்டை இருக்கும் ஊரிலெல்லாம் சுரங்கக் கதை உண்டு, ஏற்காட்டுக் குகையைப் பற்றியும் உண்டு. அதன் மறுமுனையைச் சங்ககிரியில் கொண்டுபோய்க் கட்டியது என் கைவேலை. கதைக்கு ஒரு கம்பீரம் வரட்டுமே என்று அடியில், ‘உள்ளூர்ப் பெரியவர்களிடம் கேட்டறிந்தது’ என்று ஒரு குறிப்பும் போட்டேன். எந்தப் பெரியவரிடமும் நான் கேட்கவில்லை. நேர்கோட்டில் ஏறக்குறைய 50 கிலோமீட்டர், இடையில் சார்னோக்கைட் என்னும் இரும்பு போன்ற பாறை. யோசித்திருந்தால் எனக்கே சிரிப்பு வந்திருக்கும். மலரின் ஒரு பிரதி நூலகத்துக்குப் போனது, எண் பெற்றது. இருபது ஆண்டு கழித்து ஒரு மாணவர் தன் ஆய்வேட்டில் ‘சேலம் ஆய்வாளர் ஒருவரின் கருத்துப்படி’ என்று அதை மேற்கோள் காட்டி, என் மேசைக்கே மதிப்பிடக் கொண்டுவந்தார். அந்த வரியை நான் அடித்துவிட்டேன், ஆனால் ஏன் என்று அவரிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. அதற்குப் பிறகு ஒருமுறை ஏற்காட்டில், சுற்றுலா வந்த குடும்பத்துக்கு வழிகாட்டி ஒருவர் அந்தச் சுரங்கத்தை, திப்புவின் குதிரைக் குளம்பொலி சகிதம், விவரித்துக்கொண்டிருந்ததைக் கேட்டேன். குளம்பொலி நான் போட்டதில்லை. சுரங்கம் தானாகவே வளர்ந்திருக்கிறது.

பிளான்டார் பாரிஸ் நூலகத்தில் செய்ததற்கும் நான் சேலத்தில் செய்ததற்கும் அளவில்தான் வித்தியாசம். என் கதை ஒருவரையும் கெடுத்திருக்காது. அந்த அடிக்குறிப்புதான் கெடுத்தது. ஆகவே முதல் பக்கத்தில் ‘உண்மை’ வேண்டாம். வாசகர் உங்கள் பெட்டியைத் தேடிக்கொண்டு மூச்சிரைக்க ஓடட்டும். ஓடி முடித்த பிறகு, கடைசியில் ஒரு பின்னுரை எழுதுங்கள்: இவை பதிவில் உள்ளவை, இவை செவிவழியாக வந்தவை, இவை நான் புனைந்தவை என்று, மழுப்பாமல். சரித்திர மர்மக் கதை வாசகர்கள் பலர் அந்தப் பகுதியைத்தான் முதலில் புரட்டுவார்கள். அதுவும் ஒரு விருந்துதான். சுரங்கத்தை எடுத்துவிடச் சொல்ல மாட்டேன், அது உங்கள் கதைக்கு வேண்டும். மூன்றாவது பட்டியலில் சேர்த்து, ‘இது என் கற்பனைகூட இல்லை, எனக்கு முன்பே ஒருவர் புளுகியது’ என்று மட்டும் எழுதிவிடுங்கள். என் பெயர் வேண்டாம்.